சுமைதாங்கியில் ஒரு மூட்டை

எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். சொல்லட்டும், அன்றைக்கு அது உதவியது.

எங்கள் மடத்தடிச் சந்தியில் மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வந்து நின்றபோது, நான் தலையில் வெங்காய மூட்டையோடு சுன்னாகம் சந்தைக்குப் புறப்பட்டிருந்தேன். வீதியை அகலமாக்குகிறார்கள். பழைய மடமும் கேணியும் மரபுரிமைப் பட்டியலில் இருப்பதால் தப்பிவிட்டன. சுமைதாங்கி தப்பவில்லை.

மேற்பார்வையாளர் நமசிவாயம் தாளைத் தட்டிக் காட்டினார். "தங்கச்சி, பட்டியலிலை கட்டிடங்கள்தான் இருக்கு. உது வெறும் மூண்டு கல். இப்ப ஆர் தலையிலை சுமக்கினம்?"

"என்ரை தலையிலை இருக்கிறது என்ன, தொப்பியோ?"

பெக்கோ ஓட்டும் கோகுலன் சிரித்துவிட்டான்.

வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளுக்கு வழியில் சுமைதாங்கி வைப்பது எங்கள் வழக்கம். யாராவது அதில் பாரத்தை இறக்கினால் அவளுடைய பாரமும் கொஞ்சம் குறையுமாம். இந்தக் கல்லில் வெட்டியிருப்பது வேறு யாரோ ஒருத்தியின் பெயர். என் அக்கா குணலட்சுமி தொண்ணூற்றைந்தில் போருக்காக ஊரே இடம்பெயர்ந்தபோது, எட்டு மாத வயிற்றோடு, நடுவழியில் செத்தாள். அவளுக்குக் கல் வைக்க எங்களிடம் என்ன இருந்தது? ஊர் திரும்பியதும் அம்மா இந்தக் கல்லைத் தொட்டு, "இண்டையிலை இருந்து இது என்ரை பிள்ளைக்கும்தான்" என்றாள். வீட்டில் சைக்கிள் நிற்கிறது. இருந்தும் நான் தலையில்தான் சுமக்கிறேன், இதில் இறக்குவதற்காகவே.

"விலகுங்கோ, எனக்கு வேலை கிடக்கு" என்றார் நமசிவாயம்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! மூட்டையைச் சுமைதாங்கியில் தொப்பென்று இறக்கினேன்.

"தம்பி, அதைத் தூக்கி அங்காலை வை" என்று அவர் கோகுலனை ஏவினார்.

கோகுலன் கல்வரை வந்தான். கையை நீட்டவில்லை. "ஐயா, சுமைதாங்கியிலை வைச்சதை வைச்ச ஆள்தான் எடுக்க வேணும். என்ரை மனுசிக்கு இது ஏழாம் மாதம். என்னாலை ஏலாது." திரும்பிப் போய் இயந்திரத்தை நிறுத்திவிட்டான்.

அதற்குள் பக்கத்துத் தோட்டத்து ஜெயகௌரி வந்து தன் புல்லுக்கட்டையும் என் மூட்டைக்குமேல் வைத்தாள். என் கண் கலங்கிவிட்டது.

நமசிவாயம் குரலை இறக்கினார். "சரி தங்கச்சி, உதை எப்ப எடுப்பியள்?"

"என்ரை அக்கா தன்ரையை இறக்கின பிறகு."

கல்லுக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்தேன். ஜெயகௌரியும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.