ஒட்டுக் கட்டிய கிளை

அரிவாளை அவர் கையிலிருந்து பிடுங்கித் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டாள். 'தொபுக்'கென்று சத்தம் கேட்டது. மூடியை இழுத்து மூடி, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"ஏம்மா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றார் கணவரின் அண்ணன். "உள்ள என் தம்பி செத்துக் கிடக்கிறான். நீ ஒரு முள்ளுச் செடிக்குக் காவல் உக்காந்திருக்க."

"ஆமா மாமா. காவல்தான்."

வீட்டிலிருந்து தெருவுக்குப் போக ஒரே வழி, பக்கச் சுவரை ஒட்டிய சந்து. ஒரு ஆள் கை வீசி நடக்கலாம், அவ்வளவுதான் அகலம். வாசலிலிருந்து நாலு எட்டில் அது திரும்பும். திரும்புகிற மூலையில் எலுமிச்சை மரம். வேன்காரர் ஸ்ட்ரெச்சரோடு இரண்டு தடவை வந்து, மூலையில் இடித்து, சட்டையைக் கிழித்துக்கொண்டு நின்றுவிட்டார். நீட்டிக்கொண்டிருக்கிற அந்த ஒரு கிளையை எடுத்தால் போதும் என்று அவர் சொன்னதில்தான் சண்டை ஆரம்பித்தது.

அந்த ஒரு கிளையில்தான் எல்லாம் இருந்தது.

ஏழு வருடம் முன்பு அவள் கணவர் வாங்கி வந்தது ஒட்டுச் செடி. கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவர். ஒன்பது மாடிக்குச் சாரம் கட்டத் தெரிந்தவருக்குச் செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒட்டுக்குக் கீழே, அடியிலிருந்து கிளம்பிய தளிர் கொழுகொழுவென்று வளரவும், ஆசைப்பட்டு அதை விட்டுவிட்டு, மேலே நோஞ்சானாக நின்றதை வெட்டி எறிந்தார். வெட்டி எறிந்ததுதான் எலுமிச்சை. வளர்ந்தது காட்டுச் செடி. நாலாம் வருடம் நர்சரிக்காரர் வந்து பார்த்து இதைச் சொன்னபோது தெருவே சிரித்தது. அடுத்த வீட்டுத் தையல்காரம்மா, "ஊசி தீந்துபோச்சு, உங்க மரத்துல ரெண்டு பறிச்சுக்கவா?" என்று கேட்பாள். அவர் மட்டும் அசையவில்லை.

"வளர்ந்தது இதுதானே. இதை வெச்சே காய்க்க வைக்கிறேன், பாரு."

மூன்று தடவை நல்ல எலுமிச்சையிலிருந்து கண்ணை, அதாவது குருத்து மொட்டை, சீவி எடுத்து வைத்துக் கட்டினார். மூன்றும் கருகின. போன மாதம், வேலை நடந்த வீட்டு எலுமிச்சையில் ஒரு குச்சி கேட்டு வாங்கி, ஈரத்துணியில் சுற்றிச் சாப்பாட்டுத் தூக்கில் வைத்துக் கொண்டுவந்தார். கிளையின் பட்டையைக் கீறி, கண்ணைச் செருகி, டேப் சுற்றினார். அதற்கே மூச்சு வாங்கியது. அதன்பிறகு சாரம் ஏறவில்லை.

நேற்றுச் சாயங்காலம் படுக்கையிலிருந்து கேட்டார். "எத்தனை நாளாச்சு?"

"பத்தொம்பது."

"இருபத்தோரு நாள். அவசரப்பட்டுப் பிரிச்சிடாத."

விடிகாலையில் போய்விட்டார்.

"ஏழு வருசம்! ஒரு காய் உண்டா?" என்றார் மாமா. "ஒரே ஒரு கிளைம்மா. அவனே இருந்தா வெட்டுன்னுதான் சொல்லுவான்."

"கூடப் பொறந்தவர்தானே நீங்க. நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க, சொல்லுவாரா?"

"அப்ப எப்படித்தான் கொண்டுபோறது? பறந்தா போவான்?"

அவள் சந்தைப் பார்த்தாள். பதினாறு வருடம் கீழே நின்று அவருக்குக் கம்பும் பலகையும் ஏற்றிக் கொடுத்தவள். நீளமான சாமான் திரும்பாத இடங்கள் எத்தனையோ பார்த்தாகிவிட்டது.

"நிமித்திக் கொண்டுபோகலாம்."

"என்னது?"

"படுத்தாத்தானே மாமா இடிக்குது? நின்னுக்கிட்டே போகட்டும்."

வேன்காரர் கிழிந்த சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "இருபது வருசமா வண்டி ஓட்டுறேன். இப்படி நான் பாத்ததே இல்லக்கா."

"இன்னிக்குப் பாத்துக்கங்க."

பின்பக்கம் சாத்தியிருந்த சாரப் பலகையையும் அவருடைய கயிற்றையும் எடுத்து வந்தாள். வேறு யாரையும் கட்ட விடவில்லை. நெஞ்சு, இடுப்பு, முழங்கால், கணுக்கால். முடிச்சுப் போட்டால் அதில் தன் எடையைக் கொடுத்துத் தொங்கிப் பார்ப்பது அவர் பழக்கம். அவளும் பலகையில் காலை ஊன்றி, ஒவ்வொரு முடிச்சையும் உடம்போடு இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் நழுவவில்லை.

நாலு பேர் பிடித்து நிமிர்த்தினார்கள். போர்த்திய துணி தோளிலிருந்து நேராக இறங்க, தாடையைச் சற்று உயர்த்தியபடி அவர் வாசலைத் தாண்டினார்.

"வேலைக்குக் கிளம்புற மாதிரியே..." என்ற தையல்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூலையில் அந்தக் கிளை அவர் நெஞ்சுக்கு நேராக நின்றது.

"மாமா, கிளையைக் கொஞ்சம் ஒதுக்கிப் பிடிங்க. வளைச்சிடாதீங்க, கண்ணு தெறிச்சிடும்."

"முள்ளும்மா இது!"

"தெரியும்."

மாமா பல்லைக் கடித்துக்கொண்டு வெறுங்கையை உள்ளே கொடுத்தார். "செத்தும் அடம் பிடிக்கிறான் பாரு."

"உங்க வீட்டு அடம்தானே மாமா."

பலகையின் அடியைத் தரையில் ஊன்றி, கதவைத் திருப்புவதுபோல் அவரைத் திருப்பினார்கள். இலைகள் அவர் முகத்தில் உரசி விலகின. சுற்றிய டேப் அவர் நெஞ்சுக்கு ஒரு விரல் தள்ளி, படாமல் நின்றது. தாண்டிவிட்டார்.

வேனில் கிடத்தியதும் அவளே முடிச்சுகளை அவிழ்த்தாள். ஒவ்வொன்றும் ஒரே இழுப்பில் விட்டுக்கொடுத்தது. மாமா உள்ளங்கை ரத்தத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அந்தக் கயித்த அவன்கூடவே வெச்சிடு. அவன் கை பட்டது."

"வேணாம் மாமா. மரத்துக்கு வேணும். காய்ச்சா அந்தக் கிளையைத் தூக்கிக் கட்டணும்."

கைக்கும் முழங்கைக்குமாகக் கயிற்றைச் சுற்றத் தொடங்கினாள். ஒவ்வொரு சுற்றையும் இழுத்து, முறுக்கை நீவி, அடுத்த சுற்று. வேன்காரர் கதவைப் பிடித்தபடி நின்றார். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. சுற்றி முடித்துத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினாள்.