அறுபத்து நான்கு எழுத்து

விசாரிக்காமலே "பென் டிரைவ்தான் காரணம்" என்று யாராவது சொன்னால் எனக்கு உச்சந்தலை வரை கொதிக்கும். பதினொரு வருடமாகக் கோயம்புத்தூர்க் கம்பெனிகளில் வைரஸ் பிடிக்கிற வேலைதான் பார்க்கிறேன். எங்கே போனாலும் முதலில் மாட்டிக்கொண்டு நிற்பது அங்கே இருப்பதிலேயே சின்ன வேலை பார்க்கிற ஆள்தான். அது எப்படித்தான் வைரஸுக்குத் தெரியுமோ!

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனி. அங்கே மாட்டியிருந்தவள் கிருபா, ஸ்டோர்ஸில் கம்ப்யூட்டர் பார்க்கிறவள். மூன்று நாளாக ஒரு வரைபடமும் திறக்கவில்லை, எல்லாவற்றையும் வைரஸ் பூட்டிவிட்டது என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் மேனேஜர் திருமலைசாமி தீர்ப்பே சொல்லி முடித்திருந்தார். கேண்டீனில் நாற்பது பேருக்கு முன்னால் அவளை நிற்க வைத்து, "இந்தப் புள்ள ஊட்டுல இருந்து கொண்டாந்த பென் டிரைவுலதான் எல்லாம் நாசமாப் போச்சு" என்று கத்தியிருக்கிறார். அவளுடைய அப்பா பிரான்சிஸும் அதே கம்பெனிதான், கிரைண்டிங் பகுதி. இருபத்திரண்டு வருடம் அந்த இரைச்சலில் நின்று பாதிக் காது போய்விட்டது. கடைசி வரிசையில் நின்ற அவருக்கே கேட்டது என்றால், அந்த மனிதர் என்ன கத்துக் கத்தியிருப்பார் என்று பாருங்கள்.

கிருபா என்னிடம் அழவில்லை. "சர்ச்சு பாட்டு ரெண்டு பக்கம் பிரிண்ட் எடுத்தனுங்க. கேக்காம எடுத்தது தப்புத்தானுங்க. ஆனா நாந்தான் வைரஸக் கொண்டாந்தேன்னு நாளைக்கு எழுதிக் கையெழுத்துப் போடோணுமாங்க. போட்டா என்ற வேல போயிருமுங்க. போடலீன்னா அப்பனையும் சேத்து வெளிய அனுப்பிருவேன்னு மேனேஜர் சொல்லிப்போட்டாருங்க."

"நாளைக்குத்தானே? அதுக்குள்ள பாத்துரலாம் அம்மணி," என்றேன்.

முதலில் அவளுடைய பென் டிரைவைச் சோதித்தேன். கண்றாவி, வைரஸ் அதில் இருந்தது. "நாஞ் சொன்னனல்லங்க!" என்று திருமலைசாமி மீசையைத் தடவினார். மனிதருக்கு முகமெல்லாம் சந்தோஷம். நான் அடுத்த வேலையைப் பார்த்தேன்.

ஒரு ஃபைலைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னால், எண்ணும் எழுத்துமாக அறுபத்து நான்கு இடத்தில் ஓர் அடையாளம் வரும். எங்கள் தொழிலில் அதை ஹேஷ் என்போம். ஃபைலின் பெயரை எத்தனை முறை மாற்றினாலும் அந்த அடையாளம் மாறாது. உள்ளே ஒரே ஒரு கமா மாறினாலும் அடையாளம் அடியோடு மாறிவிடும். கிருபாவின் பென் டிரைவில் இருந்த வைரஸின் அதே அடையாளம், வேறு வேறு பெயர்களில் அந்தக் கம்பெனியின் பதினான்கு கம்ப்யூட்டர்களில் இருந்தது. சரி, முதலில் எதில் வந்தது? ஆன்டிவைரஸ் வைத்திருந்த பதிவுகளைத் தோண்டினேன்.

பென் டிரைவில் அது ஏறியது பன்னிரண்டாம் தேதி. மேனேஜர் அறைக் கம்ப்யூட்டரில் ஒன்பதாம் தேதியே இருந்தது. டிசைன் சாஃப்ட்வேர் ஒன்றைத் திருட்டுத்தனமாக இறக்கியிருக்கிறார், அதோடு வந்த சனியன். ஆன்டிவைரஸ் அந்த ஹேஷைப் பார்த்ததும் கண்டுபிடித்து மூன்று முறை தடுத்திருக்கிறது. நான்காம் முறை இவர் தன்னுடைய பாஸ்வேர்டைப் போட்டு, அந்த ஹேஷையே கம்பெனிக்கே பொதுவான அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிட்டார். வாட்ச்மேன் மூன்று முறை கழுத்தைப் பிடித்துத் தள்ளியவனை, நம்ம மாப்பிள்ளைதான் என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்த மாதிரி. அதற்கப்புறம் அதை எந்தக் கம்ப்யூட்டரும் தடுக்கவில்லை. கிருபாவின் பென் டிரைவுக்கு வைரஸைக் கொடுத்ததே இந்தக் கம்பெனிதான்!

திருமலைசாமியிடம் காட்டினேன். மீசையிலிருந்து கை இறங்கியது. "ரிப்போர்ட்டுல பேரெல்லாம் எதுக்குங்க? பென் டிரைவுல இருந்தது நெசந்தானுங்களே. அத எழுதிப்போட்டு முடிச்சுருங்கம்மா."

"உங்க பேர எழுதறதுக்கு மட்டும் கூசுதுங்களா? நாப்பது பேரு முன்னாடி அவ பேரச் சொன்னப்பக் கூசலயாங்க?" என்றேன்.

சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட்டை எழுதி முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். என் வழக்கப்படி, அந்த ரிப்போர்ட்டுக்கும் ஹேஷ் போட்டு அதையும் கீழே அனுப்பினேன். ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது: 'நன்றி ஹுமேராம்மா. திருமலைசாமிக்கு அனுப்பிவிட்டேன். நாளை மீட்டிங்கில் அவர் படிப்பார்.' படித்துக்கூடப் பார்க்காமல், பூட்டை உடைத்தவன் கையிலேயே சாவியைக் கொடுத்திருக்கிறார்! எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைத் தூக்கி எறியாததே பெரிது.

கிருபாவைக் கூப்பிட்டு அந்த அறுபத்து நான்கு எழுத்தையும் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளச் சொன்னேன். பாட்டுத் தாளின் பின்பக்கம் எழுதி, இரண்டு முறை திருப்பிப் படித்துக் காட்டினாள். "இது ரிப்போர்ட்டோட கைரேக மாதிரி. யாரு எங்க கை வெச்சாலும் இது காட்டிக் குடுத்துரும்," என்றேன்.

மறுநாள் காலை அதே கேண்டீன், அதே நாற்பது பேர். முன்னால் முதலாளி உட்கார்ந்திருந்தார். ரிப்போர்ட்டைத் திரையில் போட்டு, திருமலைசாமி கணீரென்று படித்தார்: "முதலில் பாதிக்கப்பட்டது ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டர். காரணம், கிருபாவின் பென் டிரைவ்." கீழே என் பெயர்! நான் எழுந்திருப்பதற்குள் கிருபா எழுந்துவிட்டாள்.

"ஏனுங்க ஐயா, அந்த ரிப்போர்ட்டுக்குக் கைரேக பாக்கோணுமுங்க."

"இதென்ன போலீஸ் ஸ்டேஷனா அம்மணி?" என்று திருமலைசாமி சிரித்தார். இரண்டு பேர் கூடச் சிரித்தார்கள். முதலாளி என்னைப் பார்த்தார். நான் நேரே போய், திரையில் இருந்த அந்த ஃபைலுக்கே எல்லோரும் பார்க்க ஹேஷ் போட்டேன். ஏழு, சி, நான்கு என்று ஆரம்பித்தது.

"என்றதுல மூணு, பி, ஒம்பதுன்னு இருக்குதுங்க," என்று கிருபா தாளைப் பார்த்துப் படித்தாள். "ஐயா போன்லயும் இருக்குமுங்க. நேத்து இவிங்க அனுப்புனாங்க."

முதலாளி போனை எடுத்தார். மூன்று, பி, ஒன்பது. நான் அனுப்பிய ரிப்போர்ட்டை அப்போதுதான் முதல்முறையாகத் திறந்து படித்தார். முகம் சிவந்தது.

"சும்மா ரெண்டு எடத்துல சரி பண்ணுனனுங்க..." என்று இழுத்தார் திருமலைசாமி.

முதலாளி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரி, ஏதோ ஆகிப்போச்சு. கிருபா, நீ ஒண்ணும் எழுதித் தர வேண்டாம். மனசுல வெச்சுக்காத அம்மணி, போய் வேலயப் பாரு." பழியைச் சுமத்தும்போது ஊருக்கே கேட்கிற குரல், எடுக்கும்போது மட்டும் கிசுகிசு! அதைக் கேட்டுவிட எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

கிருபா நகரவில்லை. "நெசமான ரிப்போர்ட்டையும் அவரையே படிக்கச் சொல்லுங்க ஐயா. பொய்யப் படிச்சது அவருதானுங்களே."

நாற்பது பேரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் போனைத் திருமலைசாமியிடம் நீட்டினார். வேறு வழியில்லாமல் அந்த மனிதர் வாய்க்குள்ளேயே முனகினார்: "முதலில் பாதிக்கப்பட்டது மேனேஜர் அறைக் கம்ப்யூட்டர். வைரஸை அனுமதித்தவர்..." முதலாளியை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். "அனுமதித்தவர் திருமலைசாமி."

கிருபா பின்னால் திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசையில் பிரான்சிஸ் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தபடி நின்றிருந்தார்.

"இன்னொருக்காப் படிங்க," என்றாள் கிருபா. "எங்கப்பனுக்குக் கேக்கலீங்க."