வீட்டுக்காரருக்கு நாலு ஸ்டார்

வேதியியல் டீச்சரின் சொந்தப் பெயர் பள்ளியில் பதிவேட்டோடு சரி. மற்றபடி எல்லார் வாயிலும் அவள் 'அரை மார்க்' டீச்சர். சமன்பாட்டில் ஓர் அம்புக்குறி சாய்ந்திருந்தால் போதும், அரை மார்க் போயிற்று. இருபது வருடத்தில் அவளிடம் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை ஒன்றுகூட இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வாரம் தலைமையாசிரியை ஆசிரியர் அறையில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். விளையாட்டு ஆசிரியர் குளியல் துண்டோடு ஆட்டம் போட்ட வீடியோ பெற்றோர் கையில் சிக்கி, ஊரே சிரித்து முடித்திருந்த நேரம் அது.

"வெள்ளிக்கிழமை மீட்டிங்ல ஒவ்வொருத்தர் பேரையும் பெரிய திரையில தேடப் போறேன். அதுக்குள்ள அவங்கவங்க குப்பையை அவங்கவங்களே கூட்டிடுங்க."

நமக்கென்ன குப்பை என்று நினைத்தபடி டீச்சர் தன் பெயரைத் தட்டிப் பார்த்தாள். நூற்று முப்பத்தேழு விமர்சனங்கள் வந்து விழுந்தன. எல்லாம் அவள் கைவண்ணம்தான். பழைய போன் இருந்த காலத்தில், எங்கே போய் வந்தாலும் மார்க் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. பல் மருத்துவருக்கு இரண்டு நட்சத்திரம்: 'வலி போயிற்று, பேச்சில் மரியாதை போதாது.' பூங்காவுக்கு மூன்று: 'மரங்கள் முயற்சி செய்கின்றன.' ரயில் நிலையக் கழிவறைக்கு ஒன்று: 'வந்து போனதற்காக மட்டும்.'

இதெல்லாம் போகட்டும். ஒன்றில் வந்துதான் அவள் விரல் நின்றது. ஒரு தையல் கடைக்கு நான்கு நட்சத்திரம். 'தையல் சுத்தம். காஜா அழகு. சொன்ன தேதிக்குக் கொடுப்பதில்லை. ஒரு நட்சத்திரம் குறைக்கப்படுகிறது.' அந்தக் கடை அவள் வீட்டுக்காரருடையது.

கணக்கு வாத்தியாரின் பேன்ட் பத்து நாள் தாமதமானபோது ஆத்திரத்தில் எழுதியது, மூன்று வருடத்துக்கு முன்பு. எழுதியதையே அவள் மறந்துவிட்டாள். பிள்ளைகள் மறக்கவில்லை. 'சொந்த வீட்டுக்காரருக்கே முழு மார்க் போடாதவங்க, நமக்கா போடப் போறாங்க?' என்று கீழே ஒரு பட்டாளமே எழுதி வைத்திருந்தது. அதைப் படித்து ஒரு நிமிடம் அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. ஆசிரியர்களில் பாதிப் பேர் அந்தக் கடையில்தான் துணி தைக்கக் கொடுக்கிறார்கள். திரையில் வந்தால் சாயங்காலத்துக்குள் அவர் காதுக்குப் போய்விடும். மனம் நொந்தாலும் வாய் திறந்து சொல்கிற மனுஷர் இல்லை அவர். பேசாமல் மெஷினுக்கு எண்ணெய் போட ஆரம்பித்துவிடுவார். அவளுக்கு அதுதான் தாங்காது.

அழிக்கலாம் என்றால் கணக்கே திறக்கவில்லை. பாஸ்வேர்ட் மறந்து போயிருந்தது. ஓடிபி அவளுடைய பழைய நம்பருக்குத்தான் போகும். அந்த நம்பரைக் கடைக்கென்று அவளேதான் கொடுத்திருந்தாள்.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் நேரே கடைக்குப் போனாள்.

"என்னங்க, உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும். படிச்சுச் சொல்லுங்க."

அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, நிதானமாக வாசித்தார். "யாரிடமும் சொல்லாதீர்கள்னு போட்டிருக்கே."

"நான் யாரோவா?"

"பெத்த தாயே வந்து கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு போன மாசம் ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்தது யாரு?"

"பெத்த தாயைத்தான் சொன்னேன். கட்டின பெண்டாட்டியைச் சொன்னேனா?"

"அந்த விதிவிலக்கெல்லாம் நீங்க நடத்தலையே, டீச்சர்."

இதற்குள் ஓடிபி காலாவதியாகிவிட்டது. இனி மறைத்துப் பயனில்லை என்று, தரையில் கிடந்த நூல் துண்டுகளைப் பார்த்தபடியே அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் கத்தரியை நிறுத்தவில்லை.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"நீ எழுதின அன்னிக்கே. கடைக்கு வந்த முதல் ரிவ்யூவே அதுதானே."

"ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா மட்டும்? கூட்டலைச் சரிபார்த்துட்டு மறுபடியும் நாலுதான் போடுவ." சிரித்தார். பிறகு துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: "அழிக்கவா வந்த? நான் வேற ஏதோ நெனச்சுட்டேன்."

"என்ன நெனச்சீங்க?"

"அப்பலேர்ந்து தேதி தவறாமத்தான் குடுக்கறேன். அந்தக் கொறச்ச ஒண்ணைப் போட வந்தியோன்னு நெனச்சேன்."

'ஒரு தடவை பாருங்க டீச்சர்' என்று எந்தப் பிள்ளை வந்து நின்றாலும் விடைத்தாளை மறுபடி திருத்துகிறவள் அவள். இந்த ஒரு மனுஷரின் தாளை மூன்று வருடமாக எடுத்துப் பார்க்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

"ஆர்டர் நோட்டை எடுங்க" என்றாள்.

பையிலிருந்து சிவப்புப் பேனா வந்தது. சொன்ன தேதி, கொடுத்த தேதி என்று வரி வரியாக டிக் போட்டுக்கொண்டே போனாள். ஒரு நாள்கூடப் பிசகவில்லை. ஒரே ஒரு நீலத் துணிக்கு மட்டும் தேதியே இல்லை.

"இது யாரோடது? நாலு மாசமா கெடக்குது."

"உன்னோடது. உனக்குத்தான் நான் தேதியே சொல்லலையே."

ஐந்து போட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். நாளைக்குத் திரையில் வரும், திங்கட்கிழமை கடைசி பெஞ்சுக்குப் போகும், இருபது வருடம் கட்டிக் காத்த பெயர் கப்பலேறும். பேனாவை மூடிவிட்டு, புதிதாக ஓர் ஓடிபி வரவழைத்தாள்.

"இப்ப நம்பரைச் சொல்லுங்க."

அவர் ஒவ்வோர் எண்ணாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை திரையில் அவள் பெயரைத் தட்டியபோது நூற்று முப்பத்தாறு போய், ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. தலைமையாசிரியையே அதை வாசித்தார்: "ஐந்து நட்சத்திரம். மூன்று வருட நோட்டைத் திருத்திப் பார்த்தேன். ஒரு தேதியும் தவறவில்லை. இந்த மார்க்கைப் போடுவதில் ஏற்பட்ட தாமதம் என்னுடையது."

அறை கொல்லென்று சிரித்தது. "ஆக, டீச்சர்கிட்ட முழு மார்க் வாங்கணும்னா தாலி கட்டணும்!" என்றார் விளையாட்டு ஆசிரியர்.

டீச்சர் அசரவில்லை. பையிலிருந்து ஆர்டர் நோட்டை எடுத்து மேசை நடுவில் வைத்தாள்.

"சந்தேகம் இருக்கறவங்க திருத்திப் பாத்துக்கலாம். யார் பேரு, என்ன துணி, இடுப்பு எத்தனை இஞ்ச், போன வருஷம் எத்தனை, இந்த வருஷம் எத்தனை, எல்லாம் இருக்கு. நானே சத்தமா வாசிக்கட்டுமா?"

சிரிப்பு சட்டென்று நின்றது. கணக்கு வாத்தியார் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். யாரும் நோட்டின் பக்கம் கை நீட்டவில்லை. தலைமையாசிரியை தன் ஜாக்கெட்டைச் சரிசெய்துகொண்டு, அவசர அவசரமாக அடுத்த பெயருக்குப் போனார்.