யகோதாவிடம் சொல்லாதது

குழந்தைகள் மனநல மருத்துவர் விதோசாவா எர்தெல்யான் நோவி சாட் நகர மருத்துவமனையில் சேர்ந்த புதிது. யகோதா என்ற ஆலைத் தொழிலாளி, பேச்சு வராத மகன் ஸ்ரெத்தெனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பையன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான்.

அந்தக் காலத்துப் பாடப்புத்தகம் சொன்னதையே விதோசாவாவும் சொன்னார். "உங்ககிட்ட பாசம் போதல. அதான் பிள்ளை உள்ளுக்குள்ள ஒடுங்கிட்டான்."

பக்கத்திலேயே நின்ற யகோதாவின் கணவன் மிலுத்தினும் அதைக் கேட்டான். பையனைத் தாயிடமிருந்து பிரித்து ஓராண்டு வார்டில் வைத்தார்கள்.

அது ஆட்டிசம், பிறவியிலேயே வருவது, தாயின் குற்றமல்ல என்று பின்னால் தெரிந்தது. விதோசாவா தன் பாடங்களை மாற்றினார். தாய்மாரும் கூடவே தங்கும் வார்டு ஒன்றைப் போராடித் திறந்தார். விருது கொடுத்தார்கள். கைதட்டலுக்கு நடுவில் யகோதாவின் முகம் வந்து நிற்கும். போய்ச் சொல்லியிருக்கலாம். வேலை, போர், குண்டுவீச்சு என்று ஏதோ ஒரு சாக்கில் தள்ளிப்போட்டார்.

ஓய்வு பெற்ற பிறகுதான் அவள் வீட்டைத் தேடிப் போனார். யகோதா முற்றத்தில் குளிர்காலத் தொக்குக்காகக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். தலை நரைத்த ஸ்ரெத்தென் பக்கத்தில் உட்கார்ந்து தோலுரித்தான்.

"நான் அன்னிக்குச் சொன்னது தப்பு, யகோதா. உங்க மேல எந்தக் குத்தமும் இல்ல."

"எனக்குத் தெரியாதா, டாக்டரம்மா?" மிளகாயைத் திருப்பிப் போட்டாள். "இருந்தும், அவன் வீட்டுக்கு வந்தப்புறம் தூக்கவே பயந்தேன். தப்பாத் தூக்கி இன்னும் கெடுத்துடுவேனோன்னு. அந்த வருஷத்தையெல்லாம் யார் திருப்பித் தருவா?"

யகோதா இன்னொரு மிளகாயை நெருப்பில் வைத்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? உங்களை நம்பின என் புருஷன்கிட்ட சொல்லுங்க. என்னைக் கல்நெஞ்சுக்காரின்னு திட்டிட்டுப் போனவன் இப்ப கிகிந்தா ஊர்ல இருக்கான்."

மறுநாளே விதோசாவா பேருந்து ஏறினார். கதவைப் பாதி திறந்தபடியே எல்லாவற்றையும் கேட்டான் மிலுத்தின்.

"இப்ப வந்து சொல்றீங்களே... நான் யாரைத் திட்டணும்?"

"என்னைத் திட்டுங்க."

"உங்களைத் திட்டிட்டா ஆச்சா? அவளை விட்டுட்டு வந்தவன் நான்தானே." கதவைச் சாத்திக்கொண்டான்.

அன்று மாலை யகோதாவுக்குத் தொலைபேசியில் சொன்னார்.

"அழுதானா?"

"தெரியல. கதவைச் சாத்திட்டார்."

"அப்ப அழுதிருப்பான்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. கேட்கும் துணிவு விதோசாவாவுக்கும் வரவில்லை.

"ஸ்ரெத்தென் பசியோட இருக்கான், போனை வெச்சுடறேன்" என்றாள் யகோதா.