சுவர் சுவிட்ச்

கம்ப்யூட்டர் கடைக்காரர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், முகர்ந்துகூடப் பார்த்தார். கடைசியில் உதட்டைப் பிதுக்கினார்.

"ஹார்ட் டிஸ்க் போச்சும்மா. புதுசு போட்டு எல்லாத்தையும் ஏத்திக் குடுத்துடறேன்."

"உள்ள இருக்கறது?"

"போனது போனதுதான். என்ன, ஃபோட்டோவா?"

ஃபோட்டோவாக இருந்தால் தையல்காரி இவ்வளவு தூரம் அந்தப் பெட்டியை இடுப்பில் சுமந்து வந்திருக்க மாட்டாள். உள்ளே இருந்தது அவள் புருஷனின் குரல். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, வந்த மாதிரியே இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

அவர் இருபத்தாறு வருஷம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்பதை ஊரே அவர் வாயால்தான் கேட்டது. தெருவில் அவருக்கு ஒலிபெருக்கி என்று பெயர். வீட்டுக்கு வந்தால் மட்டும் வாய் சும்மா இருக்குமா? மைக் இருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். "ஃபேன் சுவிட்சை அணைச்சியா? லைட்டு யாருக்கு எரியுது, சுவத்துக்கா?" என்று அறை அறையாகப் பின்னாலேயே வருவார். சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்ததோ இல்லையோ, கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப் போயிருந்தது.

பிறகு தொண்டையில் புற்று வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாள் நல்ல மனுஷி. ஆபரேஷனுக்கு முன்னால் முன்னூறு வாக்கியங்களைச் சொந்தக் குரலில் பதிவு செய்து வையுங்கள், பின்னால் நீங்கள் போனில் எழுதினால் அது உங்கள் குரலிலேயே பேசும்படி செய்யலாம் என்று ஒரு பட்டியலைக் கொடுத்தார். ஒன்பது நாள் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு அவர் பதிவு செய்தார். அதை ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள் என்று தையல்காரி சொன்னாள். "நாளைக்கு எடுத்துக்கலாம்" என்றார். மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரியில் படுக்கை காலியாகிவிட்டது, உடனே வாருங்கள் என்று போன் வந்தது.

நாலு மாதம் ஆகிவிட்டது. இப்போது அவர் கழுத்திலுள்ள துளை வழியாக மூச்சு விடுகிறார். அதன் மேல் ஒரு மெல்லிய துணி. கையில் ஒரு வெள்ளைப் பலகை. முதலில் பலகை கொள்ளாமல் எழுதித் தள்ளினார். போகப் போக எழுத்து சுருங்கியது. கடைசியில் 'சரி', 'வேண்டாம்', 'தூங்கறேன்' என்ற மூன்றே சொல்லில் வந்து நின்றது. காயம் முழுக்க ஆறியபின் பதிவை எடுக்கலாம் என்று பெட்டியைப் போட்டால், அது கிளம்பவில்லை. குரல் போய்விட்டது என்று கடைக்காரர் சொன்னதை அவள் சொன்னபோது நாலாவதாக ஒன்று எழுதினார்.

'கொடுத்துடு.'

அன்றைக்கு அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. குரலை எடுத்தவர்கள் டாக்டர்கள், அதை அவள் பொறுத்துக்கொண்டாள். இதை எழுதியவர் அவரே அல்லவா? கடைக்காரரும் போன் செய்து, மறுநாள் காலையில் பெட்டியை எடுத்துப் போக வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் தானே ஒரு கை பார்ப்பது என்று மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

கம்ப்யூட்டரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பத்தொன்பது வருஷம் தையல் கம்பெனியில் மெஷினோடு மல்லுக்கட்டியவள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. தையல் ஓடவில்லை என்றால் எடுத்த எடுப்பில் மோட்டாரைக் குற்றம் சொல்லக்கூடாது. நூலைப் பார், ஊசியைப் பார், அது என்ன செய்கிறது என்பதை ஐந்து தடவை கையைக் கட்டிக்கொண்டு பார், அப்புறம் வாயைத் திற.

ஐந்து தடவை பார்த்தாள். பட்டனை அழுத்தினால் கறுப்புத் திரையில் நாலு வரி வந்து நிற்கும். ஒரு விசையைத் தட்டினால் மேலே போகும். உடனே திரை முழுக்க நீலமாகிவிடும். தானே அணைந்து, மறுபடி முதலிலிருந்து கிளம்பும். கடைக்காரர் அந்த நாலு வரியைப் படிக்காமலேயே தட்டித் தள்ளினார் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. ஐந்தாவது தடவை தட்டாமல் எழுத்துக் கூட்டிப் படித்தாள். அதில் ஒரு தேதி இருந்தது.

"ஏங்க, இது என்னங்க பன்னண்டு வருஷத்துக்கு முந்தின தேதியைக் காட்டுது? ஜனவரி ஒண்ணாம்."

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் திரும்பினார். எழுந்து உட்கார்ந்தார். பிறகு நடந்தே வந்துவிட்டார்.

அவருடைய அறிவிப்பு அறையில் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர் இருந்தது. ஒருநாள் அதுவும் இப்படித்தான் ஜனவரி ஒன்றுக்குப் போய்விட்டது. அதை நம்பி இவர் பட்டப்பகலில் விடியற்காலை முதல் வண்டியை அறிவிக்க, நிலையமே ஒரு வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அதை எப்படி மறப்பார்?

'உள்ளே பட்டன் பேட்டரி. செத்துப்போச்சு' என்று எழுதினார்.

"கரண்ட்ல ஓடற பெட்டிக்கு எதுக்குங்க பேட்டரி?"

'தேதிக்கு. செட்டிங் மறக்காம இருக்க.'

ஆபரேஷனுக்குப் பிறகு அவருடைய வலது கை தோளுக்கு மேல் எழாது. அதனால் கண் அவருடையது, கை அவளுடையது. தையல் மெஷின் திருப்புளியாலேயே பெட்டியைத் திறந்தாள். தெருமுனை வாட்ச் கடைக்கு ஓடிப்போய்ப் புதுப் பேட்டரி வாங்கி வந்தாள். மூச்சு வாங்க அவள் அதைப் பொருத்தும்போது அவர் பலகையை முகத்துக்கு நேராக நீட்டினார்.

'சுவர் சுவிட்ச் போட்டிருந்தா பழைய பேட்டரி தாக்குப் பிடிச்சிருக்கும். யார் அணைச்சது?'

தையல்காரியின் கை நின்றது.

ஊருக்கு உபதேசம் செய்தவர் இந்த ஒரு சுவிட்சை மட்டும் ஒருநாளும் அணைத்ததில்லை. அவர் ஆஸ்பத்திரியில் இருந்த முதல் ராத்திரி அவள் வீடு முழுக்கச் சுற்றினாள். பின்னாலேயே வந்து அதட்ட ஆளில்லை. அந்த அமைதி தாங்காமல் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தாள். இதையும் அணைத்தாள். அன்று தொடங்கி ஒருநாள் தவறியதில்லை.

"நான்தாங்க. முப்பது வருஷமா அணை அணைன்னீங்க. இனிமே சொல்ல முடியாதேன்னுதான்... நானேதான் கெடுத்துட்டேனா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. கழுத்துத் துணி படபடவென்று அடித்துக்கொண்டது, துளையிலிருந்து காற்று விசில் போல வந்தது. அழுகிறார் என்று பயந்து அவர் முதுகைப் பிடித்தாள். நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, மனுஷன் சிரிக்கிறார். நாலு மாதத்தில் முதல் சிரிப்பு. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நெஞ்சு முழுக்கக் குற்றவுணர்ச்சியோடு பட்டனை அழுத்தினாள்.

மறுபடியும் நீலத் திரை.

"போச்சுங்க" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் உட்காரவில்லை. எழுதினார்: 'எழுந்திரு. டிஸ்க்கைப் படிக்கிற முறை மாறியிருக்கும். ரெண்டே முறைதான் இருக்கும். இது இல்லேன்னா அது.' அவருடைய அறையில் ரிப்பேர்காரர் கடைசியாகச் செய்தது அதைத்தான். செட்டிங் திரையில் வரிசை வரிசையாக என்னென்னவோ இருந்தன. அவர் இடது கை விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தார், ஒரு வரியில் நின்றார். அவள் அதை மாற்றினாள், சேமித்தாள். திரை கறுத்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

திரை நீலமாகவில்லை. மெதுவாக, சோம்பலாக, பழைய படம் வந்தது. ஓரத்தில் 'குரல்' என்று அவர் பெயர் வைத்த ஃபோல்டர் இருந்தது. திறந்தால் ஒன்று முதல் முன்னூறு வரை எண்கள். ஒன்றுகூடக் குறையவில்லை.

அவள் எலிப்பொறிக்குப் பக்கத்தில் கை வைக்கிற மாதிரி மவுஸின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அழுத்த முடியவில்லை. அவர் தன் இடது கையை அவள் கைமேல் வைத்து, முதல் எண்ணை அழுத்தினார்.

பட்டியலில் முதல் வாக்கியம், 'எனக்குக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும்.' அவர் என்றைக்கு எழுதிக் கொடுத்ததை அப்படியே படித்தார்?

"அடியே, கொஞ்சம் தண்ணி கொண்டாயேன்! எவ்வளவு நேரமா கேக்கறேன்?"

கூடம் அதிர்ந்தது.

தையல்காரி எழுந்தாள். "இதோ வரேங்க, அதுக்குள்ள என்ன அவசரம்" என்று முனகிக்கொண்டே சமையலறைக்குப் போனாள், டம்ளரை எடுத்தாள், குடத்திலிருந்து மொண்டாள், திரும்பி வந்தாள். கூடத்து வாசற்படியில்தான் அவளுக்கு உறைத்தது. தண்ணீர் தளும்பி அவள் கால்மேல் சிந்தியது. அங்கேயே நின்று ஓவென்று அழுதாள்.

அவர் கையை நீட்டினார். சற்று முன்தான் ஒரு செம்புத் தண்ணீர் குடித்திருந்தார், தாகமே இல்லை, அது அவளுக்கும் தெரியும். டம்ளரை வாங்கி முழுவதையும் குடித்தார்.