நான்காம் பாடம்

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு நகரத்தின் மின்மயானத்தில் டிரைவிங் மாஸ்டரின் உடல் எரியூட்டப்பட்டது. அவருக்கு வயது ஐம்பத்தெட்டு.

பிற்பகலில் வாடகைக்கு எடுத்திருந்த மருத்துவக் கட்டிலை எடுத்துப்போக இரண்டு ஆட்கள் வந்தார்கள். தலைப்பக்கத்தை இறக்கும் கைப்பிடியை ஒருவன் வேகமாகச் சுற்றினான். அது பாதியில் நின்றுவிட்டது.

"அப்படிச் சுத்தினா சிக்கிக்கும்," என்றாள் மாஸ்டரின் மனைவி. "லேசாத் தூக்கிட்டு மறுபக்கமாச் சுத்துங்க."

அவன் அப்படியே செய்தான். கட்டில் தட்டையானது. வாசல் வழியாக அதைச் சாய்த்து வெளியே கொண்டுபோன பிறகு, கூடத்தில் நான்கு சக்கரங்களின் தடம் மட்டும் இருந்தது. மாஸ்டரின் தம்பி துடைப்பத்தை எடுத்துவந்து, எதைப் பெருக்குவது என்று தெரியாமல் ஓரமாக வைத்தான்.

காலையில் வந்தவர்களில் பாதிப்பேர் மாஸ்டரிடம் கார் ஓட்டக் கற்றவர்கள். ஒரு வங்கி அதிகாரி அவளருகே வந்து, "இப்பவும் வளைவு வந்தா அவர் திட்டினது காதுல கேக்குதும்மா. 'ஸ்டியரிங்கை ஏன்யா கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிக்கிற'ம்பார்," என்றார். சுற்றி நின்றவர்கள் அழுகைக்கு நடுவே சிரித்தார்கள். அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அந்த மனிதருக்குக் கேட்கிறது.

அவளுக்குக் கேட்கவில்லை. நேற்று விடிகாலை அவர் மூச்சு நின்றதிலிருந்து அவள் அந்தக் குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொற்கள் வந்தன. குரல் வரவில்லை. வந்ததெல்லாம் போனின் குரல். நோய் அவருடைய பேச்சை முழுதாக எடுத்துக்கொண்ட பிறகு, அவர் ஒற்றை விரலால் தட்டியதை ஒரு போன்தான் இரண்டு வருடமாக வாசித்துச் சொன்னது. திருத்தமான, யாரோ ஒருவரின் குரல். "ரேடியோல செய்தி வாசிக்கிறவன் வீட்டுக்குள்ள வந்து குழம்புல உப்பு இல்லைன்னு சொல்ற மாதிரி இருக்கு," என்று அவள் ஒருமுறை சொன்னாள். அவர் தோள் குலுங்கச் சிரித்தார். சத்தமில்லாமல்.

வீட்டில் அவருடைய குரல் எதிலும் பதிவாகியிருக்கவில்லை. படம் எடுப்பவர் எப்போதும் அவர்தான். பழைய போன் தண்ணீரில் விழுந்து செத்தது. தம்பியின் கல்யாண வீடியோவில் அவர் அரை நிமிடம் எதையோ விளக்கிக்கொண்டிருக்கிறார். அதன்மேல் வீடியோக்காரன் ஒரு பாட்டைப் போட்டிருந்தான்.

நரம்பு டாக்டர் வந்தபோது மணி இரண்டரை இருக்கும். நாற்பது வயதுப் பெண். ஊர்ப் பொது மருத்துவமனையில் அவள் ஒருத்திதான் அந்தப் பிரிவுக்கு. பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து, கொடுத்த தண்ணீரை முழுதும் குடித்தாள்.

"கஷ்டப்படாமப் போனாராம்மா?"

"தூக்கத்துலதான் டாக்டர்."

பிறகு தம்பி தொண்டையைச் செருமினான்.

"டாக்டர், தப்பா நினைக்காதீங்க. அந்த வீடியோவை எடுத்துடுங்க. உயிரோட இருந்தப்ப அண்ணன் சரின்னு சொன்னாரு, ஒத்துக்கறேன். இப்ப அவரே இல்ல. வாய் குளறுறதை ஊர் உலகமெல்லாம் போட்டுக் காட்டிட்டிருக்கறது எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

விஷயம் பழையது. ஐந்து வருடத்துக்கு முன் மாஸ்டருக்கு நாக்கு லேசாகத் தடிக்க ஆரம்பித்தது. குடித்திருக்கிறார் என்று முதலில் மாணவர்கள் நினைத்தார்கள். பிறகு காது மூக்கு டாக்டர், பிறகு பல் டாக்டர். பல் டாக்டர் இரண்டு பல்லைப் பிடுங்கினார். ஒரு வருடத்துக்கும் மேல் இப்படிப் போன பிறகுதான் அவர் இந்த டாக்டரிடம் வந்தார். அவள் மருத்துவமனையின் கூட்ட அறையில் கேமரா முன் அவரை உட்காரவைத்து, வேறு நகரங்களிலும் வேறு நாடுகளிலும் இருந்த நிபுணர்களை இணையத்தில் கூட்டினாள். மாதத்துக்கு இருமுறை. தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோகும் நோய் என்று அவர்கள் கண்டுபிடித்தார்கள். மருந்து இல்லை என்றும் அவர்களே சொன்னார்கள். மாஸ்டர் அந்தப் பதிவைப் பாடமாக்கிக்கொள்ளச் சம்மதித்தார். சின்ன ஊர்களில் இருக்கும் டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் இணையத்தில் நடக்கும் வகுப்பில் அது நான்காம் பாடம்.

அந்தக் கூட்டங்களின்போது மனைவி வெளியே பெஞ்சில் இருப்பாள். அறைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வரும். "அப்படி என்னத்தைப் பேசினீங்க?" என்று கேட்டால், "தொழில் ரகசியம்," என்பார்.

"குடும்பம் எழுதிக் கொடுத்தா எடுத்துடுவோம்," என்றாள் டாக்டர். "அது உங்க உரிமை. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். போன மாசம் மலைமேல ஒரு கிளினிக்ல இருக்கிற நர்ஸ் இந்தப் பாடத்தைக் கேட்டுட்டு, ஒருத்தரை நேரா எங்ககிட்ட அனுப்பினாங்க. நாக்கு தடிச்ச ரெண்டே வாரத்துல. பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னாடி."

தம்பி தரையைப் பார்த்தான்.

"அதுல அவர் குரல் இருக்கா?" என்று கேட்டாள் மனைவி.

"இருக்கும்மா. முகத்தை மறைச்சிருப்போம், பேரை எடுத்திருப்போம். பாடமே பேச்சுதானே."

"எனக்கு அதைப் போன்ல ஏத்திக் குடுப்பீங்களா?"

டாக்டர் காலி டம்ளரைக் கீழே வைத்தாள். "முடியாதும்மா. நானே என் போன்ல இறக்கிக்க முடியாது. வகுப்புல மட்டும்தான் ஓடும். முகம் தெரியிற அசலை, பாடம் தயாரானதுமே அழிச்சிட்டாங்க. விதி அப்படி."

"வகுப்புல யார் வேணா உக்காரலாமா?"

"பேர் குடுத்துட்டு யார் வேணா சேரலாம்." டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னைக்கு நாலு மணிக்கு இருக்கு. நான்தான் எடுக்கணும். தள்ளிப்போடலாம்னு நினைச்சேன், அறுபது பேர் சேர்ந்துட்டாங்க."

"தள்ளிப்போடாதீங்க," என்றாள் அவள்.

மூன்றே முக்காலுக்குத் தம்பி தன் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தான். வீட்டுக்கு வந்திருந்த உறவினர்கள் மாடியில் படுத்திருந்தார்கள். சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று அவள் எழுந்துபோய் இறுக்கிவிட்டு வந்தாள்.

"என்ன தொழில்னு கேக்குது அண்ணி. டாக்டர், நர்ஸ், மாணவர், ஆய்வாளர், பிற." அவன் திரையிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டான். "நர்ஸ்னு போட்டுடவா? மூணு வருஷமா அதைத்தானே பண்ணீங்க."

"பிறன்னு போடு."

"பதிவு செய்ய மாட்டேன், பகிர மாட்டேன்னு ஒரு உறுதிமொழி." டிக் செய்துவிட்டு அவன் குரலைத் தாழ்த்தினான். "என் போனைப் பக்கத்துல வெச்சு ரெகார்ட் பண்ணிக்கட்டுமா? யாருக்கும் தெரியாது."

"வேணாம். அந்த டாக்டர் பொண்ணு நம்மை நம்பித்தான் உள்ள விட்டிருக்கு."

வகுப்பு தொடங்கியது. டாக்டர் திரையின் மூலையில் சின்னதாகத் தெரிந்தாள். நாக்கின் படம், நரம்புகளின் படம், ஏதோ ஒரு வரைபடம். பிறகு, "இப்ப நோயாளியைக் கேப்போம்," என்றாள். சொல்லிவிட்டு ஒரு கணம் நின்றாள்.

சாம்பல் நிறக் கட்டம் ஒன்று முகத்தை மறைத்திருந்தது. கட்டத்துக்கு வெளியே ஒரு காது, கோடு போட்ட சட்டையின் காலர், முழங்கால்மேல் இருந்த வலது கை. அந்தச் சட்டையை அவள்தான் இஸ்திரி போட்டாள்.

"இன்னைக்குக் காலையில என்ன பண்ணீங்க? அஞ்சாறு வாக்கியம் சொல்லுங்க," என்றது பதிவில் டாக்டரின் குரல்.

"காலையிலயா? பல் தேச்சேன்." ஒரு இடைவெளி. "இருக்கிற பல்லை."

பதிவுக்குள் பலர் சிரித்தார்கள். தம்பி வாயைப் பொத்திக்கொண்டான்.

குரல் அவள் நினைத்திருந்ததைவிடக் கனமாக இருந்தது. சொற்களின் ஓரம் கரைந்திருந்தது, ஈரம் பட்ட எழுத்து மாதிரி. ஆனால் அவர்தான்.

"அப்புறம் ஒரு பொண்ணு கிளாசுக்கு வந்துச்சு. கியர் போடுன்னா கிணத்துல வாளி இறக்கற மாதிரி போடுது. பரவால்ல, கத்துக்கும். எல்லாருக்கும் கத்துக்குடுத்துடுவேன் டாக்டர். ஒருத்தியைத் தவிர. இதோ வெளிய பெஞ்சில உக்காந்திருக்காளே, அவதான். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னா கண்ணை மூடிக்கிறா. என்னடின்னு கேட்டா, 'நீங்கதான் பாக்குறீங்களே'ங்கறா."

முழங்கால்மேல் இருந்த கை பின்பக்கம் சாய்ந்து, ரிவர்ஸ் கியர் போட்டுக் காட்டியது. பதிவு அங்கே நின்றது.

"கடைசி வாக்கியத்துல வேகம் குறைஞ்சதைக் கவனிச்சீங்களா?" என்றாள் டாக்டர். "மூச்சு பத்தல. நாக்கு மேலண்ணத்தைத் தொடலை."

எங்கோ ஒரு ஊரிலிருந்து ஒரு ஆண் குரல், "மேடம், அந்தக் கடைசிப் பகுதியை இன்னொரு தடவை போடுங்களேன்," என்றது.

டாக்டர் போட்டாள். பிறகு, யாரும் கேட்காமலே, முதலிலிருந்து முழுதாக ஒருமுறை போட்டாள். மனைவி நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டாள்.

வகுப்பு முடிந்ததும் திரையில் ஐந்து கேள்விகள் வந்தன. தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாசித்தான். "இந்த நோயின் முதல் அறிகுறியாகப் பேச்சில் தெரிவது எது? அண்ணி, இதுக்கெல்லாம் விடை நமக்கே தெரியுமே."

"தெரியும்."

"நாலு சரியா இருந்தா ஐந்தாம் பாடத்துக்கு மாத்திடுவாங்களாம். ஒருதடவை மாத்திட்டா இதுக்குத் திரும்ப வர முடியாது. எழுதாதவங்க அடுத்த மாசம் இதே வகுப்புல மறுபடியும் உக்காரலாம்னு போட்டிருக்கு." அவன் முதல் விடையின்மேல் விரலைக் கொண்டுபோனான்.

"அதை மூடிடு," என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். பிறகு திரையை மூடினான்.

"வீடியோவைப் பத்தி டாக்டர்கிட்ட என்ன சொல்லட்டும் அண்ணி?"

"இருக்கட்டும்னு சொல்லு."

மாடியில் யாரோ எழுந்து நடக்கும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து டீக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.

அன்றைய வகுப்பில் அறுபத்தொரு பேர் கலந்துகொண்டார்கள். அறுபது பேர் தேர்வு எழுதினார்கள். எழுதாத ஒருவருக்கு, ஏப்ரல் மாத வகுப்புக்கான அழைப்பு மாலை ஆறு மணிக்குத் தானாக அனுப்பப்பட்டது.