ஊசிக்குத்துப் பதிவேடு

விடிகாலை ஐந்து மணிக்கெல்லாம் நாற்பது கட்டில்களிலும் இரத்தம் எடுத்தாக வேண்டும். தூங்குகிறவரை எழுப்பி, கையைப் பிடித்து, நரம்பைத் தட்டிப் பார்த்து, சுருக்கென்றுதான் இருக்கும் என்று பொய் சொல்லி ஊசியை இறக்க வேண்டும். முப்பத்தாறு வயதில் மருத்துவ உதவியாளர் பயிற்சிக்கு வந்தவன் நான். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் செருப்புக் கடையில் ஊரார் காலைப் பிடித்தேன். இப்போது கையைப் பிடிக்கிறேன். முன்னேற்றம்தான் என்று மனைவியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

நாங்கள் ஏழு பேர். இரண்டு வருடம், முழு வேலை, பாதிச் சம்பளம். முடிவில் பெரிய டாக்டர் கையெழுத்திட்ட சான்றிதழ். அது இல்லாமல் எந்த மருத்துவமனையும் வாசலுக்குள் விடாது. எங்களில் கண்ணாடி என்கிற பெண்ணுக்கு இன்னும் பதினோரு நாள்தான் பாக்கி. சோடாபுட்டி போட்டிருப்பாள், அதனால் அந்தப் பெயர். வீட்டில் படுத்த படுக்கையாக அப்பா, பள்ளிக்கூடம் போகிற இரண்டு தங்கைகள். அத்தனை பேரும் அந்தப் பதினோரு நாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குத்திய ஊசிகளைப் போடும் மஞ்சள் பெட்டி முக்கால் நிறைந்ததும் மூடிவிட வேண்டும் என்று பாடத்தில் இருக்கிறது. எங்கள் மருத்துவமனையில் வாரத்துக்கு ஒரு பெட்டிதான். நிறைந்தால் குலுக்க வேண்டும். ஊசிகள் இறங்கி இடம் விடும். நரம்பு கண்டுபிடிப்பதில் நான் சுமார். குலுக்குவதில் மன்னன்.

அன்று ஆறரைக்கு, நான் குலுக்கிவைத்த பெட்டிக்குள் கண்ணாடி ஓர் ஊசியைப் போட்டாள். உள்ளே நிமிர்ந்து நின்ற இன்னொன்று கையுறையைத் துளைத்து விரலில் ஏறிவிட்டது. யார் இரத்தம் பட்டது அது? ஒரு வாரத்து நோயாளிகள் மொத்தப் பேரும் அந்தப் பெட்டிக்குள் இருந்தார்கள்.

குழாயைத் திறந்துவிட்டு விரலைக் கழுவிக்கொண்டே நின்றாள். நிறுத்தத் தெரியவில்லை.

"அண்ணே, மாத்திரைய உடனே ஆரம்பிக்கணும்ல?"

ஆரம்பிக்கத்தான் வேண்டும். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கிற அந்த மாத்திரை மருந்தறையில் இருந்தது. விபத்துப் பதிவேட்டில் எழுதி, டாக்டர் கையெழுத்திட்டால்தான் பூட்டைத் திறப்பார்கள். அந்தப் பதிவேட்டில் ஆறு வருடமாக ஒரு வரி கிடையாது. அதற்காக ஒரு பாராட்டுப் பத்திரம்கூடச் சட்டம் போட்டு வரவேற்பறையில் தொங்குகிறது.

எட்டு மணிக்குப் பெரிய டாக்டர் வந்தார். விரலைத் திருப்பிப் பார்த்து, சின்னக் கீறல்தானே என்றார். அவள் மாத்திரை கேட்டாள்.

"அடுத்த வாரம் ஆய்வுக்கு வர்றாங்க. இப்பப் போய் எழுதணுமா? சரி, எழுது. நானும் உன் சான்றிதழ்ல கவனக்குறைவுன்னு எழுதிடறேன்."

கண்ணாடி விரலைப் பார்த்தாள். பிறகு பதிவேட்டைப் பார்த்தாள். அது திறக்கப்படாமலே கிடந்தது.

"எழுதல சார்," என்றாள்.

அந்த இரண்டு சொல்லை என்னால் விழுங்க முடியவில்லை. வீரம் கீரம் ஒன்றும் இல்லை. பதிவேட்டை இழுத்து, நான் வாங்கிய குத்துகளை எழுதினேன்: போன வருடம், மூன்றாம் வார்டு, இடது கட்டைவிரல். அதற்குக் கீழே, இந்த வருடம், அதே விரல். இரண்டையும் மனைவியிடம்கூட மறைத்திருந்தேன்.

"என்னய்யா பண்ற?"

"பழைய கீறல் சார். இன்னைக்குப் பெட்டியக் குலுக்கினவன் நான். குலுக்கச் சொன்னது நீங்க. இந்தப் புள்ள எந்தக் கவனத்தைக் குறைச்சுச்சு?"

எங்களில் உயரமான நெட்டையன் பேனாவை வாங்கி, தன் குத்துகளை மூன்று வரியாக எழுதினான். ஒவ்வொருவராக வந்தார்கள். குப்பை அள்ளும் அக்கா கதவோரம் நின்று, தனக்கு எழுத வராது என்றாள்.

"நாலுன்னு போடு தம்பி. குப்பைப் பையில குத்துனது."

கடைசியாகக் கண்ணாடி எழுதினாள். வரி நேராக நிற்காமல் மேலே ஏறிப் போனது.

ஒருத்தருக்கும் சான்றிதழ் கிடையாது என்றார் டாக்டர். யாரும் அசையவில்லை. குரலைக் கொஞ்சம் இறக்கினார்.

"வெளியே முப்பது பேர் உக்காந்திருக்காங்க. பிரஷர் யார் பாக்கறது?"

"உசிருக்கு அவசரம்னா கூப்பிடுங்க, ஓடி வர்றோம் சார்," என்றான் நெட்டையன். "மத்தது, நீங்க கையெழுத்துப் போட்டதும்."

அவர் பேனாவை எடுக்கவில்லை. பிரஷர் பார்க்கும் பட்டையை எடுத்துக்கொண்டு தானே போனார். முதல் ஆளுக்கே அதைத் தலைகீழாகச் சுற்றினார்.

கண்ணாடி சிரிக்கவில்லை, விரலைப் பார்ப்பதை மட்டும் நிறுத்தியிருந்தாள். மருந்தறை பூட்டித்தான் இருந்தது. அதன் முன்னால் குப்பை அக்காவோடு எட்டுப் பேரும் உட்கார்ந்தோம், அவளை நடுவில் விட்டு. தரை சில்லென்றிருந்தது. தினமும் துடைக்கிறவர்கள் நாங்கள்தான். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம்.